துரைக்கு எடுத்த ஆரத்தி

வீட்டில் ஒரு பிள்ளை டொக்டருக்குப் படித்தால் ஊரே வந்து நாக்கை நீட்டிக் காட்டும். இரசாயனவியல் படித்தால் ஊரே வந்து போத்தலை நீட்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. குருவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். விடுமுறைக்கு வந்து பையைக் கீழே வைப்பதற்குள் வாசலில் யாராவது நிற்பார்கள். "பாப்பா, இந்த எண்ணெயில கலப்படம் இருக்கான்னு பாரு." "பாப்பா, இது தேனா, சீனிப்பாகா?" ஒருவர் மாணிக்கக் குழியில் வேலை செய்கிற மச்சினன் கொடுத்தது என்று ஒரு நீலக் கல்லைக் கொண்டுவந்தார். கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "அப்ப என்னத்ததான் புள்ள படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனார். (அது எந்தக் குழியிலிருந்தும் வரவில்லை, ஒரு போத்தலின் அடியிலிருந்து வந்தது என்பது பார்த்த உடனேயே தெரிந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

சரி, நான் என்னத்தைத்தான் படித்தேன்? உணரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று மோந்து பார்த்துச் சொல்லும் சாமான்தான் உணரி. என்னுடையது வெறும் கடதாசிப் பட்டை. சுண்டுவிரல் அளவு. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டு. தண்ணீரில் அமோனியா இருந்தால் அந்தப் பொட்டு சிவக்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தண்ணீரில் அசிட் கலந்திருந்தால் அமோனியா அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு சொட்டுக் காரம் விட்டால்தான் வாயுவாகக் கிளம்பி வெளியே வரும். பொட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் போர்த்தியிருப்பேன். வாயு அதற்குள் புகும், தண்ணீரும் காரமும் புகாது. (இரசாயனவியலில் காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை. சுண்ணாம்பு, சவர்க்காரம் வகையறா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டிய நேரத்தில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.)

இந்தப் பொட்டுக்காக எத்தனை பாடுபட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடதாசியை எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தேன். எக்ஸ் கதிர் விட்டுப் பார்த்தேன். எந்தச் சூட்டில் கருகுகிறது, எந்த ஈரத்தில் ஊறுகிறது, உள்ளே ஓட்டைகள் எவ்வளவு பெரிது என்று ஒன்றையும் விடவில்லை. படங்களை அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இடியாப்பத்த எதுக்குடி படம் புடிச்சு வச்சிருக்க?" என்றார். கடதாசி நார் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். ஒரு துண்டுக் கடதாசியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த நாட்டிலேயே இல்லை என்ற திமிர் எனக்கு அப்போது தலைக்கு மேல் இருந்தது.

இனி பீலிக்கு வருகிறேன். மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இழுத்து விழ வைத்தால் அது பீலி. எங்கள் லயத்துக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். அதற்கு மேலே ரப்பர் பெக்டரி. வெட்டிய பால் வழியிலேயே உறைந்துவிடக் கூடாது என்று அமோனியா விடுவார்கள். பெக்டரிக்கு வந்ததும் உறைய வேண்டும் என்று அசிட் விடுவார்கள். (பாலைப் போட்டு இப்படிப் படுத்துவதற்குப் பெயர்தான் ரப்பர் தொழில்.) கழுவி ஊற்றும் தண்ணீருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மருந்துத் தண்ணி. அது ஓடுகிற கான், அதாவது கழிவு வாய்க்கால், வெடித்து எங்கள் ஊற்றுப் பக்கமாகக் கசிந்துகொண்டிருந்தது. மழை நாளில் பீலித் தண்ணீர் மூத்திர நாற்றம் அடிக்கும். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. என் ராசாத்தி அத்தையின் பேத்தி இரண்டு கையிலும் களிம்பைப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள்.

பெக்டரிக்கும் மேலே, மேமலையில் நல்ல ஊற்று ஒன்று இருக்கிறது. அது துரையின் பங்களாவுக்குப் போகிறது. (வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் தோட்டத்து மேனேஜர் எங்களுக்குத் துரைதான்.) அதிலிருந்து லயத்துக்கு ஒரு பைப் இழுத்துக் கொடுங்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனார்கள். துரை சிங்களவர், நன்றாகவே தமிழ் பேசுவார், எப்போதும் சிரித்த முகம். சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்லுவார்.

"நாத்தம் சொன்னா போதாது. நாத்தத்த ஹெட் ஒஃபிஸுக்கு அனுப்ப ஏலாது தானே? ப்ரூஃப் காட்டு. ப்ரூஃப் இருந்தா பைப்."

ஒரு நாள் எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லையா மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ப்ரூஃப் தானே துரை? நம்ம புள்ள கம்பஸ்ல அதத்தான் படிக்குது" என்று சொல்லிவிட்டார். துரையும் விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பீலிக்கே வந்து பார்க்கிறேன் என்றார். அந்த மாதம்தான் தோட்டத்து வருடச் செலவு எஸ்டிமேட் ஹெட் ஒஃபிஸுக்குப் போகிறது. அதில் பைப் ஏறாவிட்டால் இன்னொரு வருடம் மருந்துத் தண்ணிதான்.

தலைவர் எனக்குப் போன் போட்டார். "புள்ள, ஒன்ன நம்பித்தான் வாய வுட்டுட்டேன்."

"பயப்படாதீங்க மாமா. ஒரே ஒரு பொட்டு. துரை வாயத் தொறக்க மாட்டாரு" என்றேன். இந்த வசனத்தை நான் சொன்னேன் என்று இன்றைக்கும் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மறுக்க வழியில்லை.

ஆய்வுகூடத்தில் இரவு பகலாக உட்கார்ந்து புதுப் பட்டைகள் செய்தேன். பட்டை வெட்டுகிற வெள்ளை அட்டை தீர்ந்துபோயிருந்தது. மஞ்சள் அட்டை கிடந்தது. அட்டை என்ன நிறமாக இருந்தால் என்ன, பொட்டுத்தானே வேலை செய்கிறது என்று மஞ்சள் அட்டையிலேயே வெட்டினேன். பட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, சனிக்கிழமை இரத்தினபுரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் டின்னை அலுமாரி மேல் வைத்துவிட்டு அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"அம்மா, இது புதுசு. நாளைக்குத்தான் மொத மொதலா வெளிய எடுக்கப் போறேன். ரொம்ப முக்கியம்."

"சரிடி, புதுசுதானே, நான் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். காலையில் மலைக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். கடவுள் பக்தி அளவாகத்தான் உண்டு. ஆனால் புதிதாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் யாரையும் தொட விடமாட்டார். புதுச் சட்டை, புதுப் பாய், புதுக் குடை எல்லாவற்றிலும் மஞ்சள். என் பட்டச் சான்றிதழின் ஓரத்தில்கூட ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. ஒரு நேர்முகத்தில் அதைக் காட்டியபோது, "சாப்பிடும்போது விழுந்ததா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

இவ்வளவும் தெரிந்த நான், "புதுசு" என்று சொல்லி டின்னை அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போய் மறுநாள் பேச வேண்டிய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவள் இல்லையா!

ஞாயிற்றுக்கிழமை காலை பீலியடியில் திருவிழாக் கூட்டம். ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. துணியின் மேல் எங்கள் வீட்டுப் பெரிய சில்வர் தட்டு, தட்டில் மூன்று கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர், ஒன்றில் மேமலை ஊற்றுத் தண்ணீர், ஒன்றில் பீலித் தண்ணீர். நான் ஆய்வுகூட வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். (அந்த வெயிலில், காலில் ஏறுகிற அட்டைப்பூச்சிகளுக்கு நடுவில், கோட்டு! யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டுக்கொண்டேன்.) துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒஃபிஸ் கிளாக்கர் ஒருவர், கையில் போனோடு. துரைக்குத் தாகம். மேசையில் இருந்த போத்தலை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்தார்.

நான் டின்னைத் திறந்தேன். குப்பென்று பழகிய வாசம் ஒன்று வந்தது. அம்மா டின்னை அடுப்படியில் வைத்திருப்பார், அதனால்தான் கறிவாசம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருடமாக மோந்து பார்க்கும் கருவி செய்கிறவளுக்குச் சொந்த மூக்கின்மேல் நம்பிக்கை வரவில்லை.

"மதிப்புக்குரிய துரை அவர்களே, தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்து, சிங்களத்திலும் இரண்டு வரி பேசினேன். "மொதல்ல சுத்தமான தண்ணி. இதுல அமோனியா இல்ல. அதனால பட்டை மஞ்சளாவே இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க." போத்தல் தண்ணீரில் இரண்டு சொட்டுக் காரம் விட்டேன். பட்டையை இறக்கினேன்.

சிவந்தது.

சும்மா சிவக்கவில்லை. பட்டையின் ஓரத்திலிருந்து இரத்தம் மாதிரி சிவப்பு இறங்கி, தம்ளர் முழுக்கப் பரவியது. கூட்டத்தில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். ஒரு நல்ல ஆராய்ச்சியாளர் இந்த இடத்தில் நிறுத்தி, என்ன பிழை என்று யோசிப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டை பிழை விடாது, ஆகவே தண்ணீர்தான் பிழை என்று முடிவு கட்டினேன்.

"போத்தல் தண்ணி பழுது!" என்று அறிவித்தேன்.

துரையின் கையில் வெறும் போத்தல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டார். "நங்கி, நான் இப்ப தானே குடிச்சேன்?" (நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.)

"கொஞ்சமா குடிச்சா ஒண்ணும் செய்யாது சேர்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்த தம்ளருக்குப் போனேன். மேமலை ஊற்று. இரண்டு சொட்டு, பட்டை. அதுவும் செக்கச் செவேலென்று ஆனது.

"மேமலை ஊத்தும் பழுது!" என்றேன். என் வாய்க்கு அப்போது கடிவாளம் இல்லை.

தலைவர் மாமா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காதருகில் சொன்னார். "புள்ள, அந்த ஊத்துல இருந்துதானே நாம பைப்பு கேக்குறோம்?"

மூன்றாவது தம்ளரிலும் காரத்தை விட்டுப் பட்டையைப் போட்டேன். பீலித் தண்ணீரும் சிவந்தது. மூன்று தம்ளரும் ஒரே சிவப்பு.

துரை சிரிக்க ஆரம்பித்தார். "எல்லாம் ஒரே மாதிரி தானே? அப்ப பைப் என்னத்துக்கு? பீலியே நல்லது."

அந்த நிமிடம் எனக்கு ராசாத்தி அத்தையின் பேத்தியுடைய கைகள்தான் ஞாபகம் வந்தன. என் திமிரால் இத்தனை சனமும் இன்னொரு வருடம் இந்தத் தண்ணீரில் குளிக்கப் போகிறது. எப்படியாவது பேசிச் சமாளிக்க வேண்டும். மூன்று சிவப்பும் ஒரே சிவப்பு இல்லை, பீலிச் சிவப்பு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெளிச்சத்தில் காட்டுவதற்காகத் தட்டோடு தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு துரையின் முகத்துக்கு நேரே போனேன். அவசரத்தில் தட்டு சாய்ந்தது. தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி, சிவப்புத் தண்ணீர் எல்லாம் தட்டில் சிந்தித் தளும்பியது. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராசாத்தி அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் தங்கை. எந்த விசேஷத்துக்கும் பிந்தித்தான் வருவார், வந்ததும் எல்லோரையும்விட முந்திக்கொள்வார். கூட்டத்துக்குப் பின்னால் எக்கிப் பார்த்த அத்தைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: துரை நிற்கிறார், முன்னால் நான் நிற்கிறேன், என் கையில் சில்வர் தட்டு, தட்டு நிறையச் சிவப்புத் தண்ணீர், தட்டு துரையின் முகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அடியாத்தி! துரைக்கு ஆரத்தி எடுக்குறாடி நம்ம புள்ள! பைப்பு தர்றேன்னுட்டாரு போல!" என்று கத்தி, அத்தை குலவை போட்டார்.

அத்தையின் குலவை சாதாரணக் குலவை இல்லை. அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும். பின்னால் நின்ற பெண்களுக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. பைப் கிடைத்துவிட்டது என்று அவர்களும் சேர்ந்து போட்டார்கள். மலையே குலவையில் நிறைந்தது. துரை தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் எத்தனையோ ஆரத்தி பார்த்தவர். முறை தெரிந்தவர். முகம் மலர, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தட்டில் போட்டார். சிவப்பில் விரலைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டார்.

"ஐயோ சேர், தொடாதீங்க! அது காரம்!" என்று அலறினேன்.

"காரமா?" துரை விரலை மோந்து பார்த்தார். "மிளகா போட்டு ஆரத்தியா? உங்க ஆளுங்களுக்கு எல்லாத்துக்கும் சம்பல் வேணும், என்ன?" தன் பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். கிளாக்கர் விடாமல் போட்டோ பிடித்தார். "ஹரி, சரி நங்கி, நல்ல மரியாத. ரொம்ப சந்தோசம்" என்றுவிட்டுத் துரை ஜீப்பில் ஏறிப் போனார். தோட்டத்தைத் தட்டிக் கேட்க வந்த கம்பஸ் பெண், தோட்டத்துரைக்கு ஆரத்தி எடுத்துத் தட்சணையும் வாங்கிக்கொண்டு நின்றேன். மானம் கப்பலேறிப் போனது.

தலைவர் மாமா மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. அம்மா மட்டும் பூரித்துப்போய் வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சிச்சா? நான் மஞ்ச வச்சது வீண்போகல பாத்தியா?"

"எந்த மஞ்சளம்மா?" என்று கேட்டேன்.

"எந்த மஞ்சளா? நீதானடி சொன்ன, புதுசு, நாளைக்குத்தான் மொத மொதலா எடுக்கப் போறேன்னு? புதுசுக்கு மஞ்ச வைக்காம எப்புடி? நல்லா கொழச்சு, ஒண்ணு விடாம ஓரத்துல வச்சேன். நடுவுல இருந்த பொட்டத் தொடல. நீ சண்டைக்கு வருவ."

மஞ்சள் அட்டையில் மஞ்சள். என் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது? அதன்மேல் காரத்தை வேறு விட்டிருக்கிறேன். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்தால் சிவக்கும், அதற்குத்தான் ஆரத்தி என்று பெயர். கல்யாண வீடு, காதுகுத்து, திருவிழா என்று பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நானே கரைத்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டதும் மறந்துபோனது.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காம பச்சையாவா வரும்?" என்றார் அத்தை. "அத்தன வருசம் கம்பஸ்ல என்னத்தடி சொல்லிக் குடுத்தானுங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் பட்டைகளைச் சரியாகப் பார்த்தேன். போத்தல் தண்ணீரில் கிடந்த பட்டையில் ஓரம் சிவப்பு, நடுப்பொட்டு மஞ்சள். மேமலைத் தண்ணீரிலும் அப்படியே. பீலித் தண்ணீரில் கிடந்ததில் மட்டும் ஓரமும் சிவப்பு, நடுப்பொட்டும் சிவப்பு. என் பட்டை பிழை விடவேயில்லை! துரை கேட்ட ப்ரூஃப் அவர் பொட்டு வைத்துக்கொண்ட அதே தட்டில்தான் கிடந்தது. கண்ணைத் திறந்து நடுவில் பார்க்காதவள் நான்தான்.

பட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பறக்க, ரப்பர் மரங்களுக்கு நடுவால் குறுக்கு வழியில் ஓடினேன். "சேர், நில்லுங்க! நடுப்பொட்டப் பாருங்க!" என்று கத்தினேன். வளைவில் ஜீப் மெதுவானது. துரை கையை வெளியே நீட்டினார். வழியனுப்ப ஓடிவருகிறாள் என்று நினைத்திருக்கிறார். அன்பாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது இரண்டு காலிலும் அட்டைப்பூச்சி ஏறியிருந்தது.

அந்த மாத எஸ்டிமேட்டில் பைப் ஏறவில்லை. நான் மறுபடி பட்டை செய்து (இந்த முறை டின்னுக்குப் பூட்டு), பீலித் தண்ணீரை ஆய்வுகூடத்திலும் சோதித்து, பேராசிரியரிடம் காட்டி, படமும் வரைபுமாக ஓர் அறிக்கை எழுதித் தோட்டத்துக்கு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. நடந்த கதையைக் கேட்ட பேராசிரியர் சிரித்துவிட்டு, "காரம் விட்டாயிற்றா இல்லையா என்று காட்ட நல்ல வழிதானே அது" என்றார். அதனால் இப்போது நான் செய்யும் பட்டைகளின் ஓரத்தில் வேண்டுமென்றே மஞ்சள் வைக்கிறேன். ஓரம் சிவந்தால் காரம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு நடுப்பொட்டைப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரையில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன். "அதத்தானே நான் வச்சேன்? அப்ப எதுக்குடி மூணு நாள் எங்கூடப் பேசாம இருந்த?" என்று கேட்டார்.

ஆனால் பைப் வந்தது. எப்படி வந்தது என்று கேளுங்கள். கிளாக்கர் பிடித்த போட்டோவைத் துரை ஹெட் ஒஃபிஸுக்கு அனுப்பியிருக்கிறார். நெற்றியில் சிவப்புப் பொட்டோடு துரை, வெள்ளைக் கோட்டோடு தட்டு ஏந்திய நான், பின்னால் குலவை போடும் பெண்கள். கம்பனி அதைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டு, நிர்வாகமும் தொழிலாளரும் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டது. மேலிடத்து ஆட்கள் அந்தக் குடும்பத்தை நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். துரைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, போட்டோவில் இருப்பது நாற்றம் அடிக்கும் பீலி என்று. அறிக்கைக்கு அசையாத மனிதர், ஆட்களைப் பிடித்து அவசர அவசரமாக மேமலையிலிருந்து பைப் இழுத்தார்.

தலைவர் மாமா போன் போட்டார். "புள்ள, பைப்பு போட்டாச்சு. தொறக்க வேண்டியதுதான் பாக்கி. பெரிய ஆளுங்க வர்றாங்க. ஆனா நீ வரணும்னு துரை சொல்றாரு."

"சோதிச்சுக் காட்டவா மாமா?"

"அதெல்லாம் வேணாம்னாரு. அந்தத் தட்டோட வரணுமாம். அந்தக் கோட்டையும் போட்டுக்கிட்டு."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை விட்டெறிந்திருப்பேன். மூன்று வருட ஆராய்ச்சி, அத்தனை நுணுக்குக்காட்டிப் படம், எல்லாம் யாருக்கும் வேண்டாம். ஆரத்தித் தட்டுத்தான் வேண்டும். மாட்டேன் என்று வாயெடுத்தேன். "நீ வராட்டி துரை மூஞ்ச தூக்கிருவாரு புள்ள. பைப்ப தொறக்காம வச்சிட்டாருன்னா?" என்றார் மாமா. நான் பஸ் ஏறினேன். பேராசிரியரிடம் கள ஆய்வு என்று சொல்லி லீவு எடுத்தேன். பொய்யும் இல்லை.

அன்று மஞ்சளும் சுண்ணாம்பும் அளவாகக் கலந்து, முறைப்படி ஆரத்தி கரைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற பெரிய மனிதர்களுக்கெல்லாம் எடுத்தேன். அத்தை குலவை போட்டார். எல்லோரும் பொட்டு வைத்துக்கொண்டார்கள், போட்டோ பிடித்தார்கள். புதுக் குழாயின் டெப்பைத் திறக்கப் போனபோது அம்மா "கொஞ்சம் இருங்க சேர்" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், டெப்பின் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் கொட்டியது. அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரு தம்ளரில் பிடித்து, கோட்டுப் பையில் இருந்த காரத்தை இரண்டு சொட்டு விட்டு, பட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஓரம் சிவந்தது. நடுப்பொட்டு மஞ்சளாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதைக் காட்ட யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் டெப்படியில் நின்றார்கள், அத்தையின் பேத்தி முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் ஆராய்ச்சி முடித்துப் பட்டம் வாங்கிய கலாநிதி. லயத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "ஆரத்திப் புள்ள" என்பார்கள். யாருக்காவது ஒஃபிஸில் காரியம் ஆகவில்லை என்றால், "ஆரத்திப் புள்ளைக்கு ஒரு போன் போடு" என்பது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிற பகிடி. அப்பாகூடச் சாப்பாட்டில் இரண்டாம் தரம் மீன் துண்டு வேண்டுமென்றால் அம்மாவின் முன்னால் வெறும் தட்டை எடுத்துச் சுற்றிக் காட்டுவார்.

வெடித்த கானை மட்டும் இன்னும் யாரும் கட்டவில்லை. மருந்துத் தண்ணி இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கிற கிராமத்து ஓடைக்குப் போகிறது. போன கிழமை தலைவர் மாமா போன் எடுத்தார். துரை மாற்றலாகிப் போய்விட்டாராம், புதுத் துரை வந்திருக்கிறாராம், கான் விஷயமாகப் பேச வேண்டுமாம். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். "மாமா, இப்ப புதுப் பட்டை ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். அமோனியா எவ்வளவு இருக்குன்னு அளவோடயே காட்டும். போன்ல படம் புடிச்சா..."

"அதெல்லாம் இருக்கட்டும் புள்ள" என்றார் மாமா. "தட்டு இருக்கா?"